முகத்தைக் காட்டாமல் கேட்கும் பணம்

சென்னை
9.3.2025

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மார்ச் மாதம் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம், அதனால்தான் பதில் தாமதம். முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ ஊன்றுகோல் இல்லாமல் மாடித் தோட்டம் வரை ஏறிப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. சுதா பிரசவத்துக்கு உன்னிடம் வருகிறாள் என்று எழுதியிருந்தாய். எந்த மாதம் என்று எழுதவில்லையே?

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "இந்த வயதில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி உங்கள் இல்லத்துக்காக ஏன் பணம் கேட்கிறாய்? கணவனிடம் அடிபட்டு ஓடிவருகிற பெண்களுக்கு அரசாங்கம் செய்வதில்லையா?" அண்ணாவும் அதையே கேட்டதாகச் சொல்லியிருந்தாய்.

அரசாங்கம் செய்கிறது. 181 என்ற எண்ணை எந்த நேரத்தில் அழைத்தாலும் உதவி கிடைக்கும். 2015இல் தொடங்கிய திட்டத்தின்படி ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன. அடிபட்டு வருகிறவளுக்கு மருத்துவம், காவல்துறை, சட்ட உதவி எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே தங்குவதற்கு ஐந்து நாள் வரைதான் அனுமதி. ஐந்து நாளில் வீங்கிய கன்னம் வேண்டுமானால் வடியலாம். அதற்குள் அவளுக்கு வேலையும் கிடைக்காது, பிள்ளைக்குப் பள்ளியும் கிடைக்காது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ஆறாவது பிரிவு, பாதிக்கப்பட்டவள் கேட்டால் காப்பகம் இடம் தந்தாகவேண்டும் என்கிறது. தரவேண்டியதுதான். அந்த இடத்துக்கு மாதம் பிறந்தால் வாடகை கட்டவேண்டுமே! அரசு மானியம் பெறுகிற இல்லங்கள் உண்டு. எங்களுடையது முழுக்க முழுக்க நன்கொடையில் நடக்கிறது. அந்த நன்கொடையைத் திரட்டுவதுதான் என் வேலை.

எங்கள் இல்லத்து வாசலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மர அலமாரி இருக்கிறது. அதில் எல்லா அளவிலும் புதுச் செருப்புகள் அடுக்கியிருக்கும். கீழ்த்தட்டில் குழந்தைகளுக்கானவை. நடுராத்திரியில் உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவள் செருப்பைத் தேடிக் கொண்டிருக்கமாட்டாள். ஆட்டோவிலோ காவல்துறை வண்டியிலோ வெறுங்காலோடு வந்து இறங்குகிறாள். கையில் பெரும்பாலும் பிள்ளையின் பள்ளிப் பை இருக்கும். உள்ளே ரேஷன் கார்டும் ஆதார் அட்டைகளும் பால் கவரில் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கும். அந்தச் சுருளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். கிளம்பியது அன்றிரவாக இருக்கலாம், எடுத்து வைக்கத் தொடங்கி எத்தனை மாதமோ!

மறுநாள் காலையிலிருந்து செலவு தொடங்குகிறது. பழைய எண்ணில் கணவன் மிரட்டிக்கொண்டே இருப்பான் என்பதால் புது சிம் கார்டு வேண்டும். மருத்துவமனைக்கு, காவல் நிலையத்துக்கு, நீதிமன்றத்துக்கு ஆட்டோ வேண்டும். அறுபது நாளுக்குள் மனுவை முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தா மேல் வாய்தாதான். பிறகு பிள்ளையின் படிப்பு. பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போனால் அவள் எங்கே இருக்கிறாள் என்பது தகப்பனுக்குத் தெரிந்துவிடும். நீ தலைமை ஆசிரியையாக இருந்தவள், உனக்கே தெரியும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பள்ளியில் போய்ப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறக்கக் காப்பாளர் ஒருவர் விழித்திருக்கவேண்டும். பேச்சே வராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பக்கத்தில் உட்கார மனநல ஆலோசகர் வேண்டும். இவர்கள் சம்பளத்துக்குத்தான் பணம் கிடைப்பதே இல்லை.

அரிசி கிடைக்கும். புடவை கிடைக்கும். தையல் இயந்திரம் தருகிறோம் என்று வருகிறவர்கள் அத்தனை பேர். பிறந்தநாள், திதி, திருமணநாள் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பணம் தருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சம்பளம், வாடகை, மின்கட்டணம் என்று சொன்ன உடனே, "அதெல்லாம் நிர்வாகச் செலவு, எங்கள் பணம் நேராகப் பெண்களுக்குப் போகவேண்டும்" என்கிறார்கள். கதவைத் திறக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பது பெண்களுக்குக் கொடுப்பது இல்லையா, வசந்தா? ஒவ்வொரு கூட்டத்திலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லித்தான் ஒருவர் இருவராகப் புரிந்துகொள்கிறார்கள்.

இதைவிடக் கடினமானது இன்னொன்று இருக்கிறது. பணம் தருகிறவர்கள் முகம் பார்க்க விரும்புகிறார்கள். தன் கையால் பரிமாறவேண்டும், பிள்ளைகளோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளவேண்டும். அந்த ஆசையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படம் ஒரு வாட்ஸப் குழுவில் போனால் போதும், தேடிக்கொண்டிருக்கிறவன் வாசலில் வந்து நிற்பான். தான் அங்கே இருப்பதை வெளியே சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டால் காப்பகம் சொல்லக்கூடாது என்று குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. எங்கள் ரசீதில்கூட இல்லத்தின் முகவரி கிடையாது, அலுவலக முகவரி மட்டும்தான்.

நேற்று மகளிர் தினம் அல்லவா? அதற்காக வெள்ளிக்கிழமையே ஒரு நிறுவனத்தில் விழா வைத்திருந்தார்கள். "உங்கள் இல்லத்துப் பெண் ஒருவரை அழைத்து வந்து மேடையில் ஐந்து நிமிடம் பேச வைக்க முடியுமா? கேட்பவர்கள் மனம் உருகும், நன்கொடையும் கூடும்" என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் தன் கதையை நீதிபதியிடம் சொல்லியாக வேண்டும், காவல்துறையிடமும் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பணம் கிடைப்பதற்காக இன்னொரு முறை எதற்குச் சொல்லவேண்டும்? நானே போய்ப் பேசினேன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றதும் அரங்கில் சத்தமே இல்லை. இப்படிப் பேசி முடித்த பிறகு பெரும்பாலும் யாராவது ஒரு பெண் தனியாக வந்து, "என் தோழிக்காகக் கேட்கிறேன்" என்று தொலைபேசி எண் வாங்கிக்கொள்வாள். வெள்ளிக்கிழமையும் ஒருத்தி வந்தாள். எண்ணைக் கொடுத்தேன், வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த நிறுவனம் நிதி தருமா என்பது இந்த மாதத்துக்குள் தெரிந்துவிடும். 2013 நிறுவனச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். பெண்களுக்கான இல்லங்கள் அந்தப் பணிகளின் பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அவர்களுடைய படிவத்தில் "வெற்றி பெற்றவர்கள் எத்தனை பேர்?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. வேலைக்குப் போய்த் தனி வீடு எடுத்தவளை அதில் எழுதலாம். கணவனிடமே திரும்பிப் போனவளை எங்கே எழுதுவது? திரும்பிப் போகிறவர்கள் உண்டு. பிள்ளைகளுக்காக, பணத்துக்காக, இந்த முறை திருந்திவிட்டான் என்ற நம்பிக்கையில் போகிறார்கள். அவர்களில் சிலர் மறுபடியும் வருகிறார்கள். அப்படி வரும்போது எண் தெரிந்திருக்கிறது, காப்பாளரின் பெயர் தெரிந்திருக்கிறது, வழியில் தயங்கி நிற்பதில்லை. நான் அவர்களையும் வெற்றிக் கணக்கில்தான் எழுதினேன், அடியில் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முகத்தைக் காட்டுவதில்லை என்றால் கணக்கைக் காட்டவேண்டும். கோயில் உண்டியலில் போடுகிறவர் ரசீது கேட்பதில்லை. அந்த நம்பிக்கையை எங்களைப் போன்றவர்கள் மாதாமாதம் சம்பாதிக்கவேண்டியிருக்கிறது. தணிக்கை செய்த வரவு செலவு, வாடகை ரசீது, மருந்துக் கடை பில் என்று யார் எதைக் கேட்டாலும் அன்றைக்கே காட்டுகிறேன்.

எதையும் கேட்காதவர்களும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மாதம் பிறந்தவுடன் பணம் அனுப்பிவிடுவார். ஒருநாள் நன்றி சொல்ல நேரில் போனேன். தேநீர் கொடுத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "என் மகள் போன் பண்ணினாள் அம்மா. பொறுத்துப் போ என்று சொன்னது நான்தான்" என்றார். சுவரில் அந்தப் பெண்ணின் படம், மாலை போட்டு. நான் என்ன பதில் சொல்வேன்? அவர் பணத்தை இரவுக் காப்பாளரின் சம்பளக் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

இந்த ஊரில் இது புதிய வேலையும் இல்லை. தேவதாசிக் குடும்பத்துப் பெண்களுக்கு விடுதிகள் இடம் தர மறுத்தபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டிலேயே தங்கவைத்து, 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அடையாறு பக்கம் போகிறபோதெல்லாம் அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இப்போதிருக்கும் பெரிய கவலை வரி விஷயம். வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில், தந்த நன்கொடையில் பாதித் தொகைக்கு வரி விலக்கு கிடைக்கும் என்பதற்காக மார்ச்சில் அனுப்புகிறவர்கள் பலர். புதிய வரி முறையில் அந்தச் சலுகை கிடையாது. ஏப்ரலிலிருந்து பன்னிரண்டு லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்று பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்துவிட்டதால், இன்னும் நிறையப் பேர் அந்த முறைக்குப் போய்விடுவார்கள். நடுத்தரக் குடும்பங்களுக்கு நல்லதுதான், மகிழ்ச்சிதான். ஆனால் வரிக்காகத் தந்தவர்கள் நின்றுவிட்டால் அந்த இடத்தை நிரப்ப, வேறு காரணத்துக்காகத் தருகிறவர்களைத் தேடவேண்டும். அதற்குத்தான் உன்னிடம் வருகிறேன். தஞ்சாவூரில் உங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் பேச எனக்கு ஒரு நாள் வாங்கித் தா. மொத்தமாகப் பெரிய தொகை வேண்டாம். ஆளுக்கு முந்நூறோ ஐந்நூறோ, மாதாமாதம் நிற்காமல் வந்தால் போதும். எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் ஒருவரை வேலைக்கு வைக்க முடியும்.

டொரண்டோவில் இருக்கும் உன் தம்பி பணம் அனுப்ப விரும்புவதாக எழுதியிருந்தாய். அவனிடம் ஒன்றை மட்டும் கேட்டுச் சொல். இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். கனடா குடியுரிமை வாங்கியிருந்தால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகத்தான் வரவேண்டும். எங்களிடம் அந்தப் பதிவு இல்லை, அதனால் வாங்க இயலாது. நீ அனுப்புவதாக இருந்தால் ரொக்கமாக வேண்டாம், இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கத்துக்கு விலக்கு இல்லை. காசோலையோடு பான் எண்ணையும் எழுதி அனுப்பு. மே மாத இறுதிக்குள் வரி விலக்குக்கான நன்கொடைச் சான்றிதழ் உன் கைக்கு வந்துவிடும்.

அண்ணாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மீனாட்சி