உருளையைக் கழற்றிப் பார்த்து வாங்கு

பீளமேடு,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள கண்ணு,

தானாக ஓடித் தரை பெருக்குகிற ரோபோ இயந்திரத்தில் எதை வாங்கலாம் என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு, "சரி, யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் ப்ரூனோ குரைப்பான், உனக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வரும், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய ஆறு மாடல்களையும் பார்த்தேன். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விலையை மட்டும் பார்த்தாள். "இந்தக் காசுக்கு ஆள் வைத்தே கூட்டிக்கொள்ளலாமே" என்றாள். நாய் முடியைப் பார்த்துவிட்டு மூன்று பேர் வேலையை விட்டுப் போன கதையைச் சொன்னேன். அதற்கப்புறம் பேச்சில்லை.

பொங்கலுக்கு உங்கள் வீட்டில் இருந்த பதினைந்து நாளும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பாய். காலையில் நீ கூட்டிவிட்டுப் போவாய். சாயங்காலத்துக்குள் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே முடி உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். ஃபேன் காற்றில் அது நகர்ந்தால் பூனை எலி என்று நினைத்துப் பாயும். எனக்கு இது புதுக்காட்சி இல்லை. 34 வருடம் நூல் மில்லில், பஞ்சை நூலாக முறுக்குகிற ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்டில் ஃபிட்டராக இருந்தவன், பஞ்சு பறந்து திரண்டு மூலை தேடிப் போவதைப் பார்த்தேதான் தலை நரைத்தது.

வீட்டுக்குள் தானாக ஓடிப் பெருக்குகிற இயந்திரத்தை 2001-ல் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி டிரைலோபைட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ரூம்பா வந்தது. எங்கள் மில்லில் அதற்கு முன்பே ஒன்று தலைக்குமேல் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓவர்ஹெட் கிளீனர் என்போம். யானைத் தும்பிக்கை மாதிரி இரண்டு பக்கமும் குழாய் தொங்கும். ஒரு குழாய் ஊதும், ஒரு குழாய் தரையிலிருந்து உறிஞ்சும். அது வந்த புதிதில் இனிமேல் கூட்டுகிற வேலையே இல்லை என்றார்கள். கூட்டுகிற வேலை குறைந்தது நிஜம். ஆனால் அதன் பஞ்சுப் பெட்டியைக் காலி செய்வது, குழாய் வளைவில் அடைத்ததைக் குத்தி எடுப்பது, சக்கரத்தில் சுற்றியதைப் பிரிப்பது என்று ஷிப்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் பல வருடம் நான்தான். அதனால் நான் கேட்கிற முதல் கேள்வி, இயந்திரம் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்கிறது என்பதில்லை. அதைச் சுத்தம் செய்ய உனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான்.

நீ அனுப்பிய எல்லா விளம்பரத்திலும் பாஸ்கல், பாஸ்கல் என்று உறிஞ்சு விசையின் அளவைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். ஒருத்தன் 5,000 என்கிறான், இன்னொருத்தன் 18,000 என்கிறான். அதில் மயங்காதே. மில்லில் உறிஞ்சு விசையை U வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று அளப்போம். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 9.8 பாஸ்கல். அப்படியானால் 10,000 பாஸ்கல் என்பது ஒரு மீட்டர் உயரத் தண்ணீர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண் இயந்திரத்தின் உறிஞ்சு வாயை முழுக்க அடைத்துவைத்து அளப்பது. தரையில் ஓடும்போது வாய் திறந்திருக்கும், காற்று உள்ளே பாயும், அந்த விசை அங்கே இருக்காது. முடியைத் தூக்குவது பாய்கிற காற்றும், தரையைத் தட்டித் திரட்டுகிற உருளையும் சேர்ந்துதான். கனமான கம்பளம் விரித்த வீட்டுக்குப் பெரிய எண் கொஞ்சம் உதவும். உங்கள் வீட்டில் முழுக்க டைல்ஸ், ஹாலில் ஒரே ஒரு ஜமுக்காளம். அதற்கு 5,000 தாராளம். மிச்சக் காசை உருளையில் போடு.

உருளை பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். மில்லில் நூல் அறுந்தால் பஞ்சு மேல் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். லேப்பிங் என்போம். புதுப் பையன்கள் கத்தியை எடுத்து அறுப்பார்கள். உருளைமேல் போட்டிருக்கிற ரப்பரில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதற்கப்புறம் அந்தக் கீறலிலேயே திரும்பத் திரும்பச் சுற்றும். இந்த இயந்திரங்களிலும் அதே கதைதான். பிரஷ் மயிர் வைத்த உருளை முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும், பிரிக்க அரை மணி நேரம் ஆகும். ரப்பர் துடுப்பு வைத்த உருளையில் சுற்றுவது குறைவு. ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு ரப்பர் உருளை வைத்ததும் கிடைக்கிறது, அது இன்னும் தேவலை. இப்போது ஒரு முனை பெருத்து மறு முனை சிறுத்த உருளையும் வருகிறது. முடி சிறுத்த பக்கமாக வழுக்கிப் போய் உள்ளே விழுந்துவிடும் என்பது கணக்கு. நல்ல யோசனை.

ஒன்று சொன்னால் கோபப்படாதே. ப்ரூனோவின் முடி குட்டை. அது சுற்றுவதைவிடக் குத்தி நிற்கும் ரகம். உருளையில் சுற்றப்போவது உன் முடிதான் அம்மிணி. நீளமான இழைதான் முதலில் லேப் ஆகும், மில்லிலும் அப்படித்தான். பூனை முடி இரண்டுக்கும் நடுவில்.

அதனால் கடைக்கு நேரில் போ. விற்பவரிடம் இயந்திரத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல். உருளையை நீயே கழற்று. திருகாணி இல்லாமல் கையால் கழன்று வருகிறதா, இரண்டு முனையிலும் இருக்கிற மூடி தனியாக வருகிறதா என்று பார். முடி நடுவில் சுற்றினால் கண்ணுக்குத் தெரியும். முனையில் பேரிங்குக்குள் போய் உட்கார்ந்தால் தெரியாது. சூடேறி, பிளாஸ்டிக் உருகி, ஒரு நாள் கீச் என்று நின்றுவிடும். முன்னால் இருக்கிற சின்னச் சக்கரமும் இழுத்தால் வர வேண்டும். உருளை, பக்கவாட்டு பிரஷ், ஃபில்டர் மூன்றும் தனியாக வாங்கக் கிடைக்கிறதா, என்ன விலை என்று அங்கேயே கேட்டுவிடு. பெங்களூரிலேயே சர்வீஸ் இருக்கிற கம்பெனியாகப் பார். உன் மாமா மூன்று வருடம் முன்பு மலிவாக ஒன்று வாங்கினார். பிரஷ் தேய்ந்தது, மாற்றுப் பிரஷ் கிடைக்கவில்லை, இப்போது அது அட்டைப்பெட்டிக்குள் பரணில் இருக்கிறது.

அவர் வாங்கியது சுவரில் முட்டி முட்டித் திரும்புகிற ரகம். அதை வாங்காதே. லேசர் சுழற்றி வீட்டை வரைபடம் போட்டுக்கொள்கிற லைடார் வைத்ததை வாங்கு. இருட்டிலும் வழி தெரியும். பூனையின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக் கோடு போட்டு "இங்கே வராதே" என்று போனிலேயே சொல்லலாம். பூனை கழிவு போகிற மண் தட்டுப் பக்கமும் விடாதே, பக்கவாட்டு பிரஷ் அந்த மணலை வாரி இறைக்கும். ஜமுக்காளத்துக் குஞ்சத்தை மடித்து அடியில் விடு, இல்லையென்றால் உருளை அதைத் தின்னும்.

உன் சமையலறை வாசலில் கறுப்பு கிரானைட் பட்டை இருக்கிறதல்லவா, அதை மறந்துவிடாதே. இந்த இயந்திரங்கள் படியில் விழாமல் இருக்க அடியில் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடும். கறுப்புத் தரை அந்த ஒளியை விழுங்கிவிட்டால் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்கும். எல்லா மாடலும் அப்படி இல்லை, வாங்குமுன் கேள். பால்கனி நிலைப்படி 3 செ.மீ. இருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவை 2 செ.மீ. வரைதான் ஏறும். பால்கனியை நீயே கூட்டிக்கொள்.

ப்ரூனோ இப்போது வெளியில்தான் போகிறான் என்றாலும் வயிறு சரியில்லாத நாள் வரும். நடுராத்திரி அவன் ஹாலில் போய்விட்டு, விடிகாலை இயந்திரம் அதன்மேல் ஓடினால் வீடு முழுக்கக் கோலம் போட்டுவிடும். சிரிக்காதே, எங்கள் பக்கத்து வீட்டில் நடந்தது, இரண்டு நாள் கழுவினார்கள். 2021-ல் ரூம்பா ஜே7 பிளஸ் வந்தபோது, நாய் கழிவைப் பார்த்து ஒதுங்காவிட்டால் புது இயந்திரமே தருகிறோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்தது. அந்த அளவுக்கு இது ஊர் உலகத்துப் பிரச்சினை. முன்பக்கம் கேமரா வைத்து ஒதுங்குகிறவை இப்போது பல கம்பெனியிலும் வருகின்றன. படம் எங்கே போகிறது என்ற சந்தேகம் எனக்கு உண்டு, அதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். கேமரா வேண்டாம் என்றால் நீங்கள் விழித்திருக்கும்போது மட்டும் ஓடவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

இயந்திரம் போய் நின்று குப்பையைத் தானாகக் காலி செய்துகொள்கிற மேடை பற்றி நீ கேட்டாய். உன் வீட்டுக்கு வேண்டும் என்பேன். இயந்திரத்துக்குள் இருக்கிற டப்பா அரை லிட்டருக்குள்தான் இருக்கும். ப்ரூனோ மாதிரி லாப்ரடார் நாயின் முடி எடை இல்லாமல் இடத்தை அடைக்கும், ஒரே நாளில் நிரம்பிவிடும். மேடை அதை உறிஞ்சிப் பையில் கட்டிவிடும். உறிஞ்சும்போது மிக்சி போலச் சத்தம் போடும், ப்ரூனோ இல்லாத அறையில் வை. பைக்கு அவ்வப்போது செலவு உண்டு. முடி பந்தாகி மேடையின் வாயிலேயே மாட்டிக்கொள்வதும் உண்டு, வாரம் ஒரு முறை குனிந்து பார்.

மாப்பிள்ளையின் அண்ணன் டாலஸிலிருந்து வரும்போது வாங்கி வருகிறேன் என்றாராமே. வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அந்த மேடைக்குள் மோட்டார் இருக்கிறது. செருகிய உடனே புகைதான்.

துடைக்கிற வசதியும் சேர்ந்தே வருகிறது. முதலில் உறிஞ்சட்டும், அப்புறம் தனியாகத் துடைக்கட்டும். முடி கிடக்கும்போதே ஈரத்துணி ஓடினால் களி மாதிரி ஒட்டும். தண்ணீர்த் தொட்டியில் பினாயில் ஊற்றாதே. இயந்திரத்துக்கும் ஆகாது, பாதம் நக்குகிற பூனைக்கு அது விஷம்.

இனி எனக்குச் சொல்லக் கொஞ்சம் சங்கடமான விஷயம். மூன்றாம் நாள் ராத்திரி இன்ஹேலரோடு நான் பால்கனியில் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்துவிட்டாய். அடுத்த வாரமே இந்த இயந்திரத் தேடல் தொடங்கியது. ஆபீஸ் நேரம் மிச்சமாகும் என்று நீ சொல்கிற காரணத்தை நான் நம்பியதாகவே வைத்துக்கொள். ஆனால் என் நெஞ்சு ப்ரூனோவால் கெட்டது இல்லை. மில்லில் ஞாயிறு லீவு முடிந்து திங்கள்கிழமை உள்ளே போனால் நெஞ்சை அடைக்கும், செவ்வாய் புதன் ஆனால் லேசாகும். அதற்கு பிஸினோசிஸ் என்று பெயர் இருப்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பஞ்சுத் தூசி வேலை.

நாய் பூனை விஷயத்தில் மூச்சைத் தொந்தரவு செய்வது முடியைவிட, தோலிலிருந்து உதிர்கிற பொடியும் காய்ந்த எச்சிலும்தான் என்றார் டாக்டர். பூனையுடையது காற்றிலேயே ரொம்ப நேரம் மிதக்குமாம். தரையில் ஓடுகிற இயந்திரம் அதை முழுக்கப் பிடிக்காது. ஃபில்டர் உண்மையான ஹெப்பாவா என்று பார். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. "ஹெப்பா ரகம்" என்று எழுதியிருந்தால் அதை நம்பாதே. கழுவும் ஃபில்டராக இருந்தால் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டு. நான் வந்திருக்கும்போது, நான் இருக்கிற அறையில் அது ஓட வேண்டாம். நான் ப்ரூனோவைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறேனே, அந்த நேரத்தில் ஓடட்டும். அவனுக்கும் எனக்கும் அதில் சண்டையில்லை.

சோபா மேல் இருப்பதை எந்த இயந்திரமும் எடுக்காது. பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே பக்கமாகத் தடவு, கம்பளி மாதிரி சுருண்டு வரும். எல்லாவற்றுக்கும் முன்னால், தினமும் பத்து நிமிடம் ப்ரூனோவைப் பால்கனியில் நிறுத்திச் சீவு. சீப்பில் வருகிற முடி தரைக்கு வராது. இயந்திரம் வந்ததும் நாலைந்து நாள் ஓடவிடாமல் சும்மா வை, நாயும் பூனையும் மோந்து பார்த்துப் பழகட்டும்.

நீ அனுப்பிய ஆறில் நாலாவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மேலே லைடார் கொண்டை இருக்கிறது, உயரம் 10 செ.மீ. போட்டிருக்கிறான். திவானுக்குக் கீழே எத்தனை செ.மீ. இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து சொல். அங்கேதான் ப்ரூனோ மதியம் தூங்குகிறான், அங்கே போகாத இயந்திரம் உனக்கு எதற்கு? உயரம் பத்தவில்லை என்றால் அவசரப்பட்டு வேறு மாடல் பார்க்காதே. நான் சித்திரையில் வரும்போது திவான் காலுக்கு நாலு மரக்கட்டை அறுத்து எடுத்து வருகிறேன். அம்மா முறுக்குச் சுட்டு வைத்திருக்கிறாள், அதோடு நாய்க்கு ஒரு சீப்பும் வாங்கி வைத்திருக்கிறாள். ஆமாம், அவள்தான் வாங்கினாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா