ஒருமுறை பயன்பாட்டு கார்டுகள் பற்றிய புகார்: சூரத் ஹோட்டல், வராத ரீஃபண்ட், உங்கள் உதவி மையத்தின் பேச்சு

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், நிறுவனங்களுக்கான கார்டு பிரிவு
அனுப்புநர்: அக்கவுண்ட்ஸ் பிரிவு, நெசவு இயந்திர சர்வீஸ் நிறுவனம், கோயம்புத்தூர்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் உதவி மையத்துக்குப் போன் போட்டுச் சொல்லி, சாட்டில் டைப் அடித்து, ஸ்கிரீன்ஷாட்டோடு மெயில் அனுப்பி ஓய்ந்துபோய்விட்டோம். ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண் கொடுக்கிறீர்கள். பழைய எண்ணை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடுகிறீர்கள். எதுவும் தீரவில்லை. அதனால் எல்லாவற்றையும் இந்த ஒரே கடிதத்தில் எழுதுகிறோம். ஆதரைசேஷனுக்கும் (தொகையைத் தடுத்து வைக்கும் அனுமதி) செட்டில்மென்டுக்கும் (பணம் உண்மையில் வியாபாரிக்குப் போய்ச் சேர்வது) வித்தியாசம் தெரிந்த ஒருவரிடம் இதைக் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் சர்வீஸ் இன்ஜினியர்கள் சூரத், இச்சல்கரஞ்சி, லூதியானா என்று மில் மில்லாகப் போகிறவர்கள். முன்பு கையில் அட்வான்ஸ் கொடுத்து, திரும்பி வந்ததும் பில் வாங்கி, வவுச்சர் போட்டுக் கணக்கு முடிப்போம். பில் தொலையும், அட்வான்ஸ் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான் உங்கள் திட்டத்தில் சேர்ந்தோம். ஒரு செலவுக்கு ஒரு கார்டு எண், அதற்கு ஒரு தொகை, ஒரு தேதி வரம்பு, ஒரு வகை வியாபாரி. பணம் போனதும் எண் மூடிவிடும். யோசனையை இப்போதும் குறை சொல்லவில்லை. நீங்கள் அதை அமைத்திருக்கும் விதத்தில்தான் கோளாறு.

முதலில் சூரத். அறை வாடகை ₹4,500, அதற்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி ₹225, மொத்தம் ₹4,725. அந்தத் தொகைக்கே கார்டு எடுத்து, புக்கிங் தளத்தில் "ஹோட்டலில் பணம் செலுத்துக" என்று போட்டு அறை பிடித்தோம். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அந்தத் தளம் ₹2 தடுத்து வைத்து, உடனே விடுவித்தது. பல புக்கிங் தளங்கள் செய்கிற சோதனைதான் இது. உங்கள் சிஸ்டம் அந்த ₹2ஐயே "ஒருமுறை" என்று எண்ணிக்கொண்டு கார்டை மூடிவிட்டது. இன்ஜினியர் இரவு போய் இறங்கியபோது ரிசெப்ஷனில் அனுப்பிய பேமென்ட் லிங்க் டிக்ளைன். மறுபடி போட்டார்கள், மறுபடி டிக்ளைன். டேஷ்போர்டில் காரணம் "கார்டு மூடப்பட்டது" என்று மட்டும் இருந்தது. யார் மூடினார்கள், எதற்கு மூடினார்கள் என்று ஒரு வரி கிடையாது.

அவசரமாக இரண்டாவது கார்டு எடுத்துக் கொடுத்தோம். அதில் ₹4,725 எங்கள் கணக்கிலிருந்து போய்விட்டது. ஹோட்டல் பக்கம் பணம் வந்ததாக உறுதி வரவில்லை. பணமும் போய், அறைச்சாவியும் கிடைக்காமல் ஒரு மனிதர் நடுராத்திரியில் டூல் கிட்டோடு ரிசெப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் உங்கள் 24 மணி நேர உதவி எண்ணில் பேசியவர் சொன்னது இது: "உங்க இன்ஜினியர் கையில நாலாயிரம் ரூபாகூட இல்லாமலா சூரத் வரைக்கும் அனுப்புவீங்க?" பேச்சு பதிவு செய்யப்படும் என்று நீங்களே ஆரம்பத்தில் சொல்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். ஊழியர் சொந்தக் காசைப் போடக்கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் உங்களுக்குக் கட்டணம் கட்டுகிறோம். உங்கள் பொருள் எதற்கு இருக்கிறது என்பதே உங்கள் ஆளுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் தன் யுபிஐயில் கட்டினார். பில் அவர் பெயரில் வந்தது. மறுநாள் காலை மில்லில் லூம் ஓட்டிக் காட்ட வேண்டியவர் தூங்காத கண்ணோடு போனார். மில்காரர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. பல ஆண்டுகளாகச் சம்பாதித்த பெயர் ஒரே ராத்திரியில் போயிற்று. இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

இதைச் சரிசெய்வது பெரிய வித்தையில்லை. ₹1, ₹2 போன்ற சரிபார்ப்புத் தொகையையும் பூஜ்ய ரூபாய் சரிபார்ப்பையும் பயன்பாடாக எண்ணக் கூடாது. ஆதரைசேஷன் வந்து பிறகு ரத்தானால் அந்தத் தொகை வரம்புக்குள் திரும்பிவர வேண்டும். ஹோட்டலுக்கான கார்டை முதல் ஆதரைசேஷனில் மூடாமல், அந்த ஒரு ஹோட்டலுக்கு மட்டும் பூட்டி, மொத்த வரம்பு தீரும் வரையோ செட்டில்மென்ட் முடியும் வரையோ திறந்து வைக்க வேண்டும். செக்-இன்னில் ஒரு ப்ரீ-ஆத் (முன்கூட்டியே தொகையைத் தடுத்து வைப்பது), தங்கல் நீண்டால் இன்னொன்று, செக்-அவுட்டில் உண்மையான தொகை என்பதுதான் ஹோட்டல் தொழிலின் நடைமுறை. செட்டில்மென்ட் வர இரண்டு மூன்று நாளும் ஆகும். விமான டிக்கெட்டில் ஒரே அடியில் பணம் போகிறது என்பதால் ஹோட்டலிலும் அப்படித்தான் என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். உண்மையில் விமானத்திலும் அப்படியில்லை. டிக்கெட்டுக்கு ஒரு முறை, சீட்டுக்கும் கூடுதல் லக்கேஜுக்கும் இன்னொரு முறை பிடிப்பார்கள்.

தொகைக் கட்டமும் அதே கதைதான். நீங்கள் "சரியாக இந்தத் தொகை" என்ற ஒரே முறையைத்தான் வைத்திருக்கிறீர்கள். ஹோட்டல்காரர் நல்ல மனதோடு வாடகையை ₹4,400 ஆகக் குறைத்து, வரியோடு ₹4,620 போட்டாலும் கார்டு டிக்ளைன். செலவு குறைந்ததற்கு டிக்ளைன் ஆகிற கட்டுப்பாடு யாருக்கு வேண்டும்? "அதிகபட்சம்" என்றொரு தேர்வும், அதற்கு மேல் 5 அல்லது 10 சதவீதம் தளர்வு வைக்கும் வசதியும் கொடுங்கள். உள்ளே போடும் தொகை வரியோடு சேர்த்தா, வரி இல்லாமலா என்பதையும் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

ரீஃபண்டுக்கு வருகிறோம். ரத்தான விமான டிக்கெட் பணத்தை விமான நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. ரீஃபண்டைத் தேடிப் பிடிக்க உதவும் 23 இலக்க ஏ.ஆர்.என் எண்ணையும் கொடுத்தது. டிக்கெட் எடுத்த கார்டு எண் மூடியாயிற்று, அது மூடத்தான் வேண்டும். ஆனால் மூடிய எண்ணுக்கு வரும் பணம் எங்கள் மூலக் கணக்கில் விழ வேண்டும், இல்லையா? அது உங்களிடம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. கேட்டால் "அந்தக் கார்டின் ஸ்டேட்மென்ட் அனுப்புங்கள்" என்கிறீர்கள். மூடிய கார்டுக்கு உங்கள் டேஷ்போர்டில் ஸ்டேட்மென்ட் இறங்காது. உங்களிடமே இருக்கிற தாளை எங்களிடம் கேட்கிறீர்கள், அதை எடுக்கிற வழியையும் நீங்களே அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

ஏ.ஆர்.என் எண்ணை உங்கள் அறிக்கையிலிருந்து எடுத்துச் சரிபார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. சி.எஸ்.வி கோப்பில் அந்தப் பத்தியை வெறும் எண்ணாக விட்டிருக்கிறீர்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. திறந்த உடனே 7.4E+22 என்று காட்டும், அப்படியே சேமித்தால் பின்னால் உள்ள இலக்கமெல்லாம் பூஜ்யம். அதோடு கார்டுகளைக் கடைசி 4 இலக்கத்தை வைத்து மட்டும் காட்டுகிறீர்கள். 4 இலக்கத்தில் 10,000 விதத்துக்கு மேல் வர வழியில்லை; சில நூறு கார்டு எடுத்தாலே இரண்டு கார்டுக்கு ஒரே எண் விழுகிறது. கார்டு எடுக்கும்போது நாங்கள் போடும் பயண எண்ணும் ஊழியர் எண்ணும் அறிக்கையில் வரவே இல்லை. கணக்கு தானாகச் சேரும் என்பதுதான் இந்தக் கார்டின் பாதிப் பயன். இப்போது வவுச்சர் காலத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்து கையால் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த "நாலாயிரம் ரூபா" பேச்சை மறக்க முடியவில்லை. அதே நபர் ஓடிபி விஷயத்திலும் "நீங்க முழிச்சிருந்திருக்கலாமே" என்றார். உள்நாட்டில் ஆன்லைன் கார்டு பணத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும், அது விதி, அதற்கு நீங்கள் ஓடிபி கேட்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எல்லாக் கார்டின் ஓடிபியும் அட்மின் கைபேசிக்கே வருகிறது. பயணி நிற்பது சூரத்தில், ஓடிபி வருவது கோயம்புத்தூரில். "பயணியின் கைபேசி எண்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, எண்ணைப் போட்டுச் சேமித்தால் அது காலியாகிவிடுகிறது. இது வெறும் எண்தான், மெஷினில் ஸ்வைப் செய்யவும் முடியாது. லிங்க்தான் ஒரே வழி என்னும்போது ஓடிபியும் பயணியிடம் போகவில்லை என்றால் அது யாருக்கான கார்டு?

ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியும் எங்களை விரட்டினீர்கள். மொத்தமாகக் கோப்பு ஏற்றி எடுக்கிற கார்டுகளில் ஆன்லைன் பயன்பாடு அணைந்தே வருகிறது. ஒவ்வொன்றையும் திறந்து நாங்களே ஸ்விட்சைப் போட வேண்டியிருக்கிறது. கேட்டால் "ஆர்.பி.ஐ ரூல்". ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் சொன்னது, கார்டு கொடுக்கும்போது ஆன்லைன் பயன்பாடு அணைந்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் விரும்பினால் திறந்துகொள்ள வசதி தர வேண்டும் என்பதுதான். அந்த விருப்பத்தை ஏற்றும் கோப்பிலேயே ஒரு பத்தியாகக் கொடுக்கக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை.

வியாபாரி வகையில் "ஹோட்டல்" என்று தேர்ந்தெடுத்தால் 7011 என்ற குறியீடு மட்டும் திறக்கிறது. பெரிய ஹோட்டல் குழுமங்களுக்கு 3501இல் தொடங்கும் தனிக் குறியீடுகள் உண்டு, அவை அடைபட்டே கிடக்கின்றன. புக்கிங் தளம் வழியாக முன்பணம் கட்டினால் அது 4722, பயண ஏஜென்சி, அதுவும் அடைப்பு. விமானத்தில் பொதுக் குறியீடான 4511ஐ மட்டும் திறந்துவிட்டு, விமான நிறுவனங்களுக்கான தனிக் குறியீடுகள் உள்ள 3000 வரிசையை விட்டிருக்கிறீர்கள். இந்தப் பட்டியல் கார்டு வலையமைப்பு நிறுவனங்கள் வெளியிடுவது, உங்கள் மேசையிலேயே இருக்கும்.

தேதிக் கோளாறையும் நாங்களே கண்டுபிடித்துத் தருகிறோம். 18ஆம் தேதிக்கு என்று எடுத்த கார்டு 18ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு வேலை செய்யாது, 5.30க்குப் பிறகுதான் செய்யும். உங்கள் சர்வர் கிரீன்விச் நேரத்தில் தேதி மாற்றுகிறது, அதனால்தான் ஐந்தரை மணி நேர இழுபறி. முதல் விமானத்துக்குப் போகிறவர், 15 கிலோவைத் தாண்டும் டூல் கிட்டுக்கு ஆப்பில் பணம் கட்டத் தனிக் கார்டு வைத்திருந்தும், கவுன்டரில் நின்று திண்டாடுகிறார். மறுபக்கம், முடிய வேண்டிய கார்டு அடுத்த நாள் காலை 5.30 வரை உயிரோடு இருக்கிறது. பாதுகாப்புக்கென்று விற்கிற பொருளில் இது சின்ன ஓட்டை அல்ல.

இதையெல்லாம் நேரில் சொல்லலாம் என்று உங்கள் சென்னை அலுவலகம் வரச் சொன்னீர்கள். டிஸ்ப்யூட் படிவத்தில் அசல் கையெழுத்தும் கம்பெனி சீலும் வேண்டும் என்றதால் ராத்திரி ரயிலில் ஆள் அனுப்பினோம். அங்கே செக்யூரிட்டி மேசையிலேயே "இந்தப் பிரிவு இங்கே இல்லை, மெயில்தான் அனுப்பணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிவத்தை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட ஆளில்லை. இதைவிட ஒரு வாடிக்கையாளரை அவமதிக்க முடியாது.

இப்போது நாங்கள் கேட்பது இது. சூரத் இரண்டாவது கார்டில் போன ₹4,725ஐ உடனே திருப்புங்கள். பணம் கழிந்து வியாபாரிக்கு உறுதி போகாத கார்டு பரிவர்த்தனையில், அந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகப் பணம் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை சொல்கிறது. வாடிக்கையாளர் கேட்காமலேயே அதைத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நாங்கள் கேட்டும் தரவில்லை. விமான ரீஃபண்டை ஏ.ஆர்.என் எண்ணை வைத்துத் தேடி மூலக் கணக்கில் போடுங்கள். எங்கள் இன்ஜினியரை அப்படிப் பேசியவர் சார்பில் எழுத்தில் மன்னிப்பு வேண்டும். போனில் "சாரி சார்" போதாது. மேலே சொன்ன கோளாறுகளில் எவற்றை எப்போது சரிசெய்வீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். அதுவரை மாதக் கட்டணம் பிடிக்க வேண்டாம்.

உங்களோடு சண்டை போடுவது எங்கள் நோக்கமல்ல. சரியாக அமைத்தால் இந்தக் கார்டை எல்லா இன்ஜினியர்களுக்கும் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. இந்தக் கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் சரியான பதில் வராவிட்டால், எல்லாப் புகார் எண்களையும் ஸ்கிரீன்ஷாட்களையும் சேர்த்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் அவர்களுடைய இணையதளம் வழியாகப் பதிவு செய்வோம். கார்டு வெளியிடும் வங்கிக்கும் தனியாக எழுதுவோம். எங்கள் தொழிலில் உங்கள் கார்டைப் பற்றி யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்வோம்.

இந்தத் தடவை புகாரை மூடுவதற்கு முன் எங்களிடம் கேட்டுவிட்டு மூடுங்கள்.

இப்படிக்கு,
அக்கவுண்ட்ஸ் பிரிவுப் பொறுப்பாளர்

இணைப்பு: இரண்டு சூரத் கார்டுகளின் பரிவர்த்தனைப் பதிவு, வங்கிக் கணக்கு நகல், விமான நிறுவனத்தின் ரீஃபண்ட் மெயில், சென்னையில் வாங்க மறுக்கப்பட்ட டிஸ்ப்யூட் படிவம்