காலி டிஸ்க் கேக்குற அந்த ஒரு கேள்விய பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாரா வாரம் வர்ற கம்ப்யூட்டர் பக்கத்த நான் விடாம படிக்கிறவன். போன வாரம், போட்டோ வீடியோ எல்லாத்தையும் போன்லயே வெச்சிக்காதீங்க, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி அதுல போட்டு வைங்கன்னு எழுதியிருந்தீங்க, ரொம்ப சரி, எங்க ஸ்டுடியோவுக்கு வர்றவங்ககிட்ட நானும் இததான் சொல்றேன். ஆனா புது காலி டிஸ்க்க மொத தடவ ரெடி பண்றப்ப விண்டோஸ் எம்பிஆரா ஜிபிடியான்னு (டிஸ்க்க எப்படி பிரிச்சிருக்குன்னு கணக்கு எழுதி வைக்கிற ரெண்டு முறை) ஒரு கேள்வி கேக்குமே, அத பத்தி ஒரு வரி கூட இல்ல. அதுக்கு யாரோ யோசிக்காம பதில் சொல்லிட்டு போயிடுறாங்க, பின்னாடி அவஸ்தப்படுறது டிஸ்க்குக்கு சொந்தக்காரங்க, இத நான் வருஷா வருஷம் பாக்குறேன், எனக்கே நடந்துச்சு.

மன்னார்குடியில 22 வருஷமா கல்யாண வீடியோ எடுத்துட்டு இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி 4 டிபி டிஸ்க் ஒண்ணு வாங்கி, கேஸ்ல (டிஸ்க்க வெக்கிற யுஎஸ்பி டப்பா) போட்டு ரெடி பண்ணி குடுங்கன்னு கடையிலயே சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா 2 டிபி தான் காட்டுது. கடைக்காரருக்கு போன் பண்ணா, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான், கம்ப்யூட்டர் 1024ஆ எண்ணும், அதான் சார் கம்மியா தெரியுதுன்னு சொன்னாரு, நானும் சரின்னு விட்டுட்டேன். அவர் சொன்னது பாதி உண்மை தான், 1 டிபி வாங்குனா விண்டோஸ்ல 931 ஜிபின்னு தெரியும், 4 டிபிக்கு 3.63 டிபி தெரியும், அது எல்லா டிஸ்க்குக்கும் உள்ளது. ஆனா 3.63 தெரிய வேண்டிய எடத்துல 2 தெரிஞ்சா அது இந்த கணக்கு இல்ல. அந்த டிஸ்க்க எம்பிஆர்ல போட்டு குடுத்துட்டாங்க, மிச்சம் 1.63 டிபி, காசு குடுத்து வாங்குன எடம், தொட முடியாம அப்படியே கெடக்குது. இது எனக்கு புரியறதுக்குள்ள 1.7 டிபி முகூர்த்தமும் வளைகாப்பும் உள்ள ஏத்தியாச்சு. மாத்தணும்னா டிஸ்க்க காலி பண்ணணும், வேற வழி விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்ல இல்ல. தெரிஞ்சவர்கிட்ட இன்னொரு டிஸ்க் எரவல் வாங்கி, யுஎஸ்பி 2 மட்டும் இருக்குற பழைய சிஸ்டத்துல காப்பி போட்டு, போறதுக்கு ஒரு ராத்திரி ஒரு பகல், திரும்ப வர்றதுக்கு ஒரு ராத்திரி ஒரு பகல், நடுவுல கரண்ட் போயிடக்கூடாதேன்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

இது ஏன் நடக்குதுன்னு யாரும் தமிழ்ல சொல்லல, அதான் நான் புரிஞ்சுக்கிட்டத சொல்றேன். எங்க டெல்டா பக்கத்து கணக்குலயே சொன்னா, பார்ட்டிஷன் போடுறதுங்கறது, அதாவது டிஸ்க்க பகுதி பகுதியா பிரிக்கிறது, வயல்ல வரப்பு போடுற மாதிரி, ஃபார்மட் பண்றது, அதாவது அந்த பகுதிய ஃபைல் வெக்க தயார் பண்றது, அதுக்குள்ள நாத்து நடுற மாதிரி. ரெண்டும் வேற வேற வேல. எம்பிஆர் ஜிபிடி எல்லாம் வரப்பு சமாச்சாரம், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபாட், ஃபாட்32 எல்லாம் நாத்து சமாச்சாரம், நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கிறாங்க. எம்பிஆர் 1983ல டாஸ் 2.0 கூட வந்தது, அப்ப வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டில ஹார்ட் டிஸ்க்கே 10 எம்பி தான், அந்த காலத்துக்கு அது தாராளம். டிஸ்க்க சின்ன சின்ன கட்டமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர எழுத எம்பிஆர்ல 32 பிட் தான் எடம், அதாவது 429 கோடியே 49 லட்சத்து சொச்சம் கட்டம் வரைக்கும் தான் எண்ண முடியும், ஒரு கட்டம் 512 பைட், பெருக்கிப் பாருங்க, 2.2 டிபிலயே முடிஞ்சு போகுது, விண்டோஸ் எண்ணுற கணக்குல அதுதான் சரியா 2 டிபி. அதுக்கு மேல இருக்குற கட்டத்துக்கு நம்பரே கெடையாது, நம்பர் இல்லாத மனைக்கு பட்டா எப்படி போடுறது. அதோட பிரைமரி பார்ட்டிஷன் நாலு தான், இன்னும் முக்கியமா வரப்பு கணக்கு மொத்தமும் டிஸ்க்கோட மொத கட்டத்துல ஒரே ஒரு எடத்துல இருக்கு, அது கெட்டா எது எங்க ஆரம்பிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு தெரியாது.

ஜிபிடில 64 பிட், எடத்துக்கு பஞ்சம் இல்ல, விண்டோஸ்ல 128 பார்ட்டிஷன் போடலாம், கணக்கோட காப்பி ஒண்ணு டிஸ்க்கோட கடைசிலயும் இருக்கு, எழுதுனது கெட்டுப்போச்சான்னு சரி பாக்குறதுக்கும் அதுலயே வழி இருக்கு. கல்யாண வீடியோவ பொழப்பா வெச்சிருக்குற என்ன மாதிரி ஆளுக்கு அந்த காப்பிக்காகவே ஜிபிடி போடலாம்.

அதுக்காக கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் ஜிபிடி ஆக்கிடாதீங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒரு கஸ்டமர் தன் 1 டிபி டிஸ்க்க தூக்கிட்டு வந்தாரு, லேப்டாப்ல நல்லா ஓடுது, வீட்டு டிவில சொருகுனா ஒண்ணுமே தெரியல, டிவி போர்ட் போச்சுன்னு மெக்கானிக் சொல்லிட்டாராம். போர்ட்டுக்கு ஒண்ணும் இல்ல, டிஸ்க்கு ஜிபிடில இருந்துச்சு, நெறைய டிவியும் பழைய மீடியா பிளேயரும் எம்பிஆர மட்டும் தான் படிக்கும். உள்ள இருந்தத லேப்டாப்புக்கு எடுத்துட்டு எம்பிஆரா மாத்திக் குடுத்தேன், டிவி ஒடனே எடுத்துக்கிச்சு. அதனால 2 டிபியோ அதுக்கு கம்மியோ, முக்கியமா டிவில போட்டு பாக்கத்தான் வாங்குறீங்கன்னா எம்பிஆர் போடுங்க, தப்பே இல்ல. 2 டிபிக்கு மேல போனா ஜிபிடி தான். அதே மாதிரி விண்டோஸ் எக்ஸ்பி ஓடுற பழைய சிஸ்டம் இன்னும் சில லேப்ல இருக்கு, 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி டிஸ்க்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. விஸ்டாவுல இருந்து வந்த எல்லாம் படிக்கும்.

நாத்து விஷயத்துல ஒண்ணு மட்டும். டிவி படிக்கணுமேன்னு ஃபாட்32 போட்டுட்டா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, நான் மினிடிவிங்கற பழைய வீடியோ கேமரா கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்துனா ஒரு மணி நேரமே 13 ஜிபி வரும். என்டிஎஃப்எஸ் போட்டா மேக்ல படிக்கலாம், எழுத முடியாது. பெங்களூர்ல இருக்குற பொண்ணு மேக் வெச்சிருக்கு, இங்க அப்பா விண்டோஸ் வெச்சிருக்காருன்னா எக்ஸ்ஃபாட் தான் ரெண்டு பக்கமும் ஒத்து வரும். மேக்ல ஃபார்மட் பண்றவங்க டிஸ்க் யுடிலிட்டில ஷோ ஆல் டிவைசஸ்னு போட்டு டிஸ்க்க மேல இருந்து செலக்ட் பண்ணாத்தான் ஸ்கீம்னு ஒரு கட்டம் வரும், அதுல கூய்ட் பார்ட்டிஷன் மேப்னு இருக்கும், ஜிபிடிய தான் அவங்க அப்படி சொல்றாங்க.

இப்ப இந்த லெட்டர் எழுத வெச்ச விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது, அவங்க அறுபதாம் கல்யாண வீடியோ ஒரு பழைய 3 டிபி டிஸ்க்குல இருந்துச்சு. கேஸ் ஒடஞ்சு போச்சுன்னு டிஸ்க்க மட்டும் வெளிய எடுத்து ஒரு சர்வீஸ் கடையில குடுத்திருக்காங்க, அவங்க நேரா கம்ப்யூட்டர்ல மாட்டுனதும் ஃபார்மட் பண்ணாத்தான் ஓபன் ஆகும்னு மெசேஜ் வந்திருக்கு, கேக்காம கொள்ளாம ஓகே குடுத்துட்டாங்க. அந்த டிஸ்க்கு கெட்டே போகலங்கய்யா. அந்த கால 3 டிபி சிலதுல, எக்ஸ்பிலயும் ஓடணும்னு, கேஸுக்குள்ள இருக்குற சின்ன போர்டு ஒரு கட்டம் 512 பைட் இல்ல 4096 பைட்னு கம்ப்யூட்டருக்கு காட்டும், கட்டம் எட்டு மடங்கு பெருசானதால அதே எம்பிஆர் 17 டிபி வரைக்கும் தாங்கும். கேஸ கழட்டுனா திரும்ப 512 ஆயிடும், அளவு கோல் மாறிப்போனா அதே நிலத்துல வரப்பு வேற எடத்துல தான விழும். அதே மாடல் கேஸ் ஒண்ணு தேடிப் பிடிச்சு மாட்டியிருந்தா அந்த மனுஷன் மாலையும் கழுத்துமா அப்படியே வந்து நின்னுருப்பாரு. நான் ரிக்கவரி சாஃப்ட்வேர் போட்டு நாலு நாள் பாத்தேன், பேர் இல்லாம கொஞ்சம் போட்டோ வந்துச்சு, வீடியோ முழுசா வரல. அந்த அம்மா, அவரோட குரல் மட்டும் எங்கயாவது வந்திருக்கா தம்பின்னு தான் கேட்டாங்க.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான் அய்யா. அந்த பக்கத்துல ஒரு வாரம் இத படத்தோட, தமிழ்ல போடுங்க. டேட்டா இருக்குற டிஸ்க்கு திடீர்னு இனிஷியலைஸ் பண்ணவா (புது டிஸ்க்கா நெனச்சு மொதல்ல இருந்து ரெடி பண்ணவா), ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா கேன்சல் குடுத்துட்டு, மொதல்ல கேபிள மாத்து, வேற சிஸ்டத்துல போட்டு பாருன்னு கொட்ட எழுத்துல போடுங்க. டிஸ்க் விக்கிற கடைக்காரங்களுக்கும் சொல்லுங்க, ரெடி பண்றதுக்கு முன்னாடி எதுல போட்டு பாப்பீங்க, டிவியா மேக்கா பழைய சிஸ்டமான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு, எம்பிஆரா ஜிபிடியா, எந்த ஃபார்மட்டுன்னு ஒரு சின்ன ஸ்டிக்கர்ல எழுதி டிஸ்க்கு மேலயே ஒட்டி குடுங்கன்னு. நான் இப்ப குடுக்குற ஒவ்வொரு டிஸ்க்குலயும் தேதியோட அப்படித்தான் ஒட்டுறேன், கேஸுலயும் ஒண்ணு, உள்ள இருக்குற டிஸ்க்குலயும் ஒண்ணு.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரன்,
மன்னார்குடி