என் அம்மாவின் நோயை அம்மாவிடம் சொல்லுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டு டாக்டர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வருவதில்லை. கூட ஒருவர் வருவார். பைலைத் தூக்கிக்கொண்டு, பில் கட்ட ஓடி, மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிற அந்த ஆளை நீங்கள் அட்டெண்டர் என்பீர்கள். மூன்று வருடமாக நான் என் அம்மாவின் அட்டெண்டர். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. சதை டெஸ்ட் எடுத்தார்கள். ரிசல்ட் பார்க்கப் போன அன்று அந்த அறைக்குள் டாக்டர், நர்ஸ், நாங்கள் இருவர் போக, அடுத்த டோக்கன்காரரும் ஸ்டூலைப் பிடித்தபடி நின்றார். டாக்டர் தாளைப் பார்த்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார். அம்மா எழுந்து போனாள். டோக்கன்காரர் போகவில்லை. அவர் காதிலும் விழும்படி, அம்மாவுக்குப் புற்றுநோய் என்று என்னிடம் சொன்னார் டாக்டர்.

நான் செய்ததையும் மறைக்கக் கூடாது. "அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்று கேட்டது நான்தான். அவர் உடனே சரி என்றார். அந்த 'உடனே'தான் இன்றுவரை உறுத்துகிறது. "ஏன், அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

ரிப்போர்ட்டைக் கவுன்ட்டரில் ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். பெயரைச் சொன்னால் போதும், யார் கையிலும் கொடுப்பார்கள். லேப்பில் வேலை பார்த்த பையன் எங்கள் தெருக்காரன். இரண்டே நாளில் ஹார்லிக்ஸும் மாதுளம்பழமுமாக வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சாதாரணக் கட்டிக்கு யாராவது ஹார்லிக்ஸ் வாங்கி வருவார்களா? அம்மா வாயைத் திறக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சென்னைக்குப் பஸ் ஏறினோம். செங்கல்பட்டு தாண்டியதும் "எந்த ஆஸ்பத்திரிக்குடா போறோம்?" என்றாள். "அடையாறு" என்றேன். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அது. எங்கள் பக்கத்தில் அடையாறு என்றால் ஊர்ப் பெயர் இல்லை, நோயின் பெயர். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத முன்னாடியே சொல்லியிருந்தா வீட்டுச் சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு வந்திருப்பேன். செடிக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்ல" என்றாள். அவ்வளவுதான். தாங்க மாட்டாள் என்று நான் பயந்த பெண்மணி இவள்தான்.

தெருவுக்குத் தெரிந்தது, டோக்கன்காரருக்குத் தெரிந்தது. தன் உடம்பைப் பற்றிக் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் அம்மா.

இந்த ஆத்திரத்தில் உங்களுக்கான விதிகளைத் தேடிப் படித்தேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 7.14 தெளிவாக இருக்கிறது. நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்ற மூன்று காரணங்களுக்காகத் தவிர, நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் 2.3-ஐப் படித்தபோது புருவம் உயர்ந்தது. நிலைமையை நோயாளி, உறவினர்கள் அல்லது பொறுப்பான நண்பர்கள் அறிந்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்த 'அல்லது'வில்தான் அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டீர்கள்.

உங்கள் பக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை. காலை ஓ.பி.யில் வாசல்வரை கூட்டம், ஒரே அறையில் இரண்டு மூன்று டாக்டர்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். போதாததற்கு என்னைப் போன்ற மகன்கள் வாசலிலேயே மறித்து "சொல்லாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவோம்.

ஆனாலும் இதே அரசு ஆஸ்பத்திரிகளில்தான் 'நம்பிக்கை மையம்' என்று ஓர் அறை இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போகிறவரிடம் ஆலோசகர் தனியாகப் பேசி, சம்மதம் வாங்கி, அப்புறம்தான் ரத்தம் எடுக்க வேண்டும். முடிவையும் அவரிடமே தனியாகச் சொல்ல வேண்டும். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு நாட்டிலேயே முதல்முறையாக இந்தத் தொற்றைக் கண்டறிந்ததிலிருந்து பல வருடம் பட்ட அவமானங்களுக்குப் பிறகு வந்த வழக்கம் இது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் இதையே கட்டாயமாக்கியது. ஒரு நோய்க்கு முடிகிறது என்றால் கட்டிக்கும், காசநோய்க்கும், கருக்கலைப்புக்கும் ஏன் முடியாது?

அந்தச் சட்டம் வந்த மூன்றாம் மாதம் சாத்தூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-லும் கொடுத்திருந்தார். அப்போதே தொற்று தெரிந்தும் அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று செய்திகள் வந்தன. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரிந்துகொண்டு, ரத்த வங்கிக்கு அவரேதான் தகவல் சொன்னார். அந்த டிசம்பர் முடியும்போது அவர் உயிரோடு இல்லை.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஒருவர் வெளியே வந்த பிறகு அடுத்தவரை உள்ளே விடுங்கள். ரிப்போர்ட்டை ஒட்டின கவரில் போட்டு, ஓ.பி. சீட்டைப் பார்த்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சக டாக்டருக்கு ஸ்கேன் படம் அனுப்பும்போது மேலே இருக்கிற பெயரை வெட்டிவிடுங்கள். கெட்ட செய்தி என்றால் அட்டெண்டரைக் கூப்பிடும் முன் நோயாளியிடம் கேளுங்கள்: "உங்க உடம்பப் பத்திப் பேசணும். உங்ககிட்டயே சொல்லட்டுமா, கூட யாராவது இருக்கணுமா?" சிலர் "மகன்கிட்டயே சொல்லிடுங்க" என்பார்கள். சரி, அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

அடுத்த மாதம் அம்மாவுக்குச் செக்கப் இருக்கிறது. பைல் அவள் கையில் இருக்கும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவள் கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு அட்டெண்டர்