டாங்கி விளையாட்டின் குண்டுப் பட்டியலில் உள்ள தவறுகள் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் டாங்கி விளையாட்டை ஐந்து மாதங்களாக ஆடி வருகிறேன். 'உண்மையான பீரங்கிகள், உண்மையான குண்டுகள்' என்று சொல்லி நீங்கள் தனியாக விற்ற கூடுதல் தொகுப்பையும் பணம் கட்டி வாங்கினேன். அந்தத் தொகுப்பைப் பற்றித்தான் இந்தப் புகார். பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியில் ஜெர்மனியின் லெப்பர்டு 2 டாங்கிக் குண்டை ஏற்ற முடிகிறதே என்று மூன்று வாரங்களுக்கு முன் முதல் கடிதம் எழுதியபோது, "இரண்டும் 120 மி.மீ. தான், ஆகவே பொருந்தும்" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினீர்கள். அந்தப் பதில் தவறு.

சேலஞ்சர் 2 டாங்கியை எடுத்துக்கொண்டு குண்டுப் பட்டியலைத் திறந்தேன். லெப்பர்டு 2 டாங்கிக்கான டிஎம்53 குண்டு அதில் இருந்தது. தேர்ந்தெடுத்ததும் பச்சைக் குறி விழுந்தது. குண்டு ஏற்றும் வீரர் ஒரே துண்டாக இருக்கும் தோட்டாவைத் தூக்கிப் பீரங்கியின் பின்வாயில் தள்ளுகிறார், மூடி சாத்திக்கொள்கிறது, சுடவும் முடிகிறது. நிஜத்தில் இது நடக்கவே நடக்காது. சேலஞ்சர் 2-இன் எல்30 பீரங்கிக் குழலின் உள்ளே சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அதற்கு எறிகுண்டு தனி, உந்துமருந்து தனி, பற்றவைக்கும் சிறு குழாய் தனி. முதலில் குண்டு உள்ளே போகும், அதன் பின்னால் மருந்து. லெப்பர்டு 2-இல் இருக்கும், ரைன்மெட்டால் நிறுவனம் செய்த பீரங்கிக்கு வழவழப்பான குழல். அதன் தோட்டா உறை 570 மி.மீ. நீள வகை, அடிப்பாகம் மட்டும் உலோகம், மற்றது சுடும்போதே எரிந்துபோகும். ஒன்றுக்குச் செய்த தோட்டா, மற்றதன் குழலின் பின்பகுதியில் தோட்டா உட்காரும் அறையில் உட்காராது.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டாங்கிகளான டைகர் 1, டைகர் 2 இரண்டையும் '88 மி.மீ.' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டீர்கள். முதலாவதன் தோட்டா உறையின் நீளம் 571 மி.மீ., இரண்டாவதன் உறை 822 மி.மீ. கால் மீட்டர் வித்தியாசம்! பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை மகன், "இவ்வளவு நீளமானது சின்ன அறைக்குள் எப்படிப் போகும் மாமா?" என்று கேட்டான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு எழுந்த சந்தேகம் உங்கள் நிரலுக்கு எழவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என்னை அதைவிட வருத்தியது பிரிட்டனின் காமெட் டாங்கி. அதன் பீரங்கிக்கு '77 மி.மீ.' என்று பெயர் வைத்தார்கள். குழலின் உண்மையான விட்டம் 76.2 மி.மீ., அதாவது '17 பவுண்டர்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் பீரங்கியின் அதே அளவு. காமெட்டின் தோட்டாவில் உறை வேறு, அழுத்தமும் குறைவு. இரண்டு குண்டுகளும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே பெயரை மாற்றினார்கள். நீங்கள் அந்தப் பெயரைப் பிழை என்று எண்ணி 76.2 என்று 'திருத்தி', 17 பவுண்டர் குண்டுகளையும் அதில் சேர்த்துவிட்டீர்கள். எந்தக் குழப்பத்தைத் தடுக்க அந்தப் பெயர் வந்ததோ, அதே குழப்பம்தான் இது.

அடுத்து அழுத்த வரம்பு, அதாவது சுடும்போது பீரங்கி தாங்கக்கூடிய அழுத்தம். உங்கள் பட்டியலில் பீரங்கிக்கு ஓர் எண், குண்டுக்கு ஓர் எண். குண்டின் எண் சிறியது என்றால் பச்சைக் குறி. எந்த வெப்பநிலையில் எடுத்த எண் அது? உந்துமருந்து சூடேறினால் வேகமாக எரியும், உச்ச அழுத்தம் உயரும். குளிரில் வரம்புக்குள் நிற்கும் குண்டு கடும் வெயிலில் வரம்பை நெருங்கிவிடும். வெப்பநிலை மாறினாலும் அழுத்தம் அதிகம் மாறாத மருந்தை டிஎம்53-க்குப் பின் வந்த டிஎம்63 குண்டுக்குத் தேடிப் பிடித்தது இதனால்தான். அளக்கும் முறையும் முக்கியம். செம்புத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்று பார்க்கும் பழைய முறை, மின்னுணரியைவிடக் குறைந்த எண்ணையே காட்டும். இரண்டு முறைகளில் வந்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. உச்ச அழுத்தம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். குழல் வாய்ப்பக்கம் போகப்போக மெலிகிறது. மெதுவாக எரியும் மருந்து அறையில் அடங்கி நின்றாலும், குண்டு பாதி தூரம் போன பிறகு அந்த மெலிந்த பகுதி தாங்காத அழுத்தத்தைத் தரக்கூடும்.

சரியாகச் செய்ததையும் சொல்கிறேன். பிரிட்டனின் எல்7, அமெரிக்காவின் எம்68 ஆகிய 105 மி.மீ. பீரங்கிகள் குண்டுகளைப் பகிர்ந்துகொள்வதைச் சரியாகக் காட்டியிருக்கிறீர்கள். டிஎம்53 குண்டு ரைன்மெட்டால் பீரங்கியின் குட்டைக் குழலில் நொடிக்குச் சுமார் 1,670 மீட்டர், நீளக் குழலில் சுமார் 1,750 மீட்டர் வேகத்தில் புறப்படுவதையும் அழகாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஆகவே மற்றதும் உங்களால் முடியும்.

குண்டுப் பொருத்தத்தைக் குழலின் விட்டத்தை வைத்து முடிவு செய்யாமல், தோட்டா உறையையும் அறையையும் வைத்து முடிவு செய்யுங்கள். காமெட்டுக்கு அதன் பெயரைத் திருப்பிக் கொடுங்கள். அழுத்த எண் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெப்பநிலையையும் அளந்த முறையையும் எழுதுங்கள். அந்த விவரம் கையில் இல்லையென்றால் அந்த எண்களையே எடுத்துவிடுங்கள். முப்பது நாட்களுக்குள் இது நடக்காவிட்டால் கூடுதல் தொகுப்புக்கு நான் கட்டிய பணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். ரசீதையும் விளையாட்டுத் திரையிலிருந்து பிடித்த ஆறு படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். நான்காவது படத்தில் சேலஞ்சரின் பின்வாய் தெளிவாகத் தெரியும். அதை முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்