இரண்டு பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

போன தடவை போனில், "மூணு வருஷமாச்சே, என்னடா சேர்த்து வைத்தாய்?" என்று கேட்டீர்கள். மழுப்பிவிட்டேன். உண்மையில் வந்தபோது இருந்த அதே இரண்டு பெட்டிதான். கட்டில், மேசை எல்லாம் வீட்டுக்காரருடையவை. கார் வேண்டுமென்றால் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இது புதுப் பழக்கம் இல்லை. 1948லேயே சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் சிலர் கூட்டுறவாகச் சேர்ந்து கார்களைப் பகிர்ந்து ஓட்டியிருக்கிறார்கள். சொந்தமாக வாங்கினாலும் நாளில் முக்கால்வாசி நேரம் வாசலில் சும்மாதானே நிற்கும்? போன மாதம் வேலை நிமித்தம் ஊர் மாறினேன். ஒரு சாயங்காலத்தில் மூட்டை கட்டி முடிந்தது.

துணி துவைக்கவும் கட்டடத்துக்கே பொதுவான மெஷின்தான். ஒரு நாள் நுரையும் தண்ணீருமாக, என் துணிகளை உள்ளே வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. மறுநாள் ஒருவர் வந்தார். மெஷினையே பிரித்துப் போடுவார் என்று நினைத்தேன். தரையில் மண்டியிட்டு, கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்து, தண்ணீரைத் தட்டில் வடித்து, உள்ளே விரலை விட்டு ஒரு கொண்டை ஊசியை எடுத்தார். பத்து நிமிஷம். தரையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். மெஷின் மேல் கிடந்த ஊசியைத் தவிர அவர் வந்து போனதற்கு அடையாளமே இல்லை.

"பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று நீங்கள் மெக்கானிக்கிடம் மல்லுக்கு நிற்பது ஞாபகம் வந்தது. (கோபப்படாதீர்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.) கைக்கு ஒரு பொருள் வந்தால் சந்தோஷமாகக் கொடுக்கிறோம், அடுத்தவர் உழைப்புக்கு மட்டும் என்றால் ஏனோ வலிக்கிறது. இங்கே என் சம்பளத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்ட உழைப்புக்குத்தான் போகிறது. இப்போது வலிப்பதில்லை.

எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. வேலை போய்விட்டால் அடகு வைக்கக்கூட ஒன்றும் இருக்காது. சந்தா கட்டாவிட்டால் பாட்டும் நின்றுவிடும். 2009இல் ஒரு மின்நூல் நிறுவனம், காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே ஒரு நாவலை அழித்துவிட்டது. காசு திரும்பி வந்தது. ஒரு மாணவர் அதில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் வீணாயின.

அதனால் ஒன்று கேட்கிறேன். தாத்தா பென்சிலால் கோடு போட்டு வைத்த புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் நிறைய இடம் இருக்கிறது.

உங்கள் மகன்