ஏலத்துக்கு முன்னால் கல்லைப் பற்றிச் சொல்லுங்கள்

தமிழ்நாடு புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆணையர் அவர்களுக்கும், மதுரை மாவட்டத்தில் பணிபுரியும் புவியியலாளர்களுக்கும்,

வணக்கம். மேலூர் வட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் நான். என்னுடைய கோரிக்கை ஒன்றுதான். ஓர் ஊரின் நிலத்துக்கடியில் கனிமம் இருக்கிறது, அதை ஏலம் விடலாம் என்ற பேச்சு எழுந்தால், ஏலத்துக்கு முன்பே புவியியலாளர் ஒருவர் அந்த ஊர்க் கிராம சபைக்கு வரவேண்டும். அங்கே என்ன பாறை, எப்படி உருவானது, தோண்டினால் என்ன ஆகும் என்று தமிழில் விளக்கவேண்டும்.

இப்படிக் கேட்கத் தோன்றியது, நமக்கு ரொம்பத் தொலைவில் இமயமலைச் சரிவில் இருக்கும் மாக்கல் படிவுகளைப் பற்றிப் படித்தபோது. உத்தராகண்டின் பாகேஷ்வர் மாவட்டம் அது. சரயு நதியோடு கோமதி கூடும் இடத்தில் மாவட்டத் தலைநகர். சுற்றிலும் மலையைப் படிப்படியாக வெட்டிய வயல்கள். பல ஊர்களில் அந்த வயலுக்கு அடியிலேயே மாக்கல் கிடக்கிறது.

மாக்கல் நமக்குப் புதிதில்லை. சேலத்துப் பக்கமிருந்து வரும் கல்சட்டியை வடிகஞ்சி ஊற்றி, விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவிப் பழக்கி, அதில் வத்தக்குழம்பு வைக்கும் வீடுகள் மதுரையில் இன்றும் உண்டு. ஆனால் எல்லா மாக்கல்லும் ஒரே வழியில் உருவாவதில்லை. பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த, மக்னீசியமும் இரும்பும் மிகுந்த டியூனைட் போன்ற பாறைகள் நீரோடு வினைபுரிந்து மாறுவது ஒரு வழி. அப்படி உருவாகும் கல்லில் இரும்பு கலந்திருப்பதால் பச்சையும் சாம்பலுமாக இருக்கும். பாத்திரம் கடைய அது போதும்.

பாகேஷ்வர் கல் பிறந்தது வேறு விதமாக. பழங்காலக் கடலில் படிந்த டோலமைட் பாறை, அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை, அங்கே அடித்தளம். அந்தப் பாறை வரிசையில் ஆதிகால நுண்ணுயிர்ப் படலங்கள் விட்டுப்போன வளைவு வளைவான அடுக்குத் தடங்களை இன்றும் காணலாம். டோலமைட்டுக்கு நடுவே மேக்னசைட் என்ற மக்னீசியக் கனிமத்தின் திட்டுகள். மலை மடியும்போது ஏறிய வெப்பத்திலும் அழுத்தத்திலும், சிலிக்காவும் நீரும் மேக்னசைட்டோடு சேர்ந்தால் கரியமில வாயு வெளியேறி, மாக்கல்லின் முக்கியக் கனிமமான டால்க் மிஞ்சும். இரும்பு குறைவு என்பதால் வெள்ளையாக இருக்கும். காகிதம், பெயிண்ட், முகப்பவுடர் என்று அதற்குக் கிராக்கி. இந்தப் படிவு நீளமான ஒரே அடுக்காக ஓடுவதில்லை. நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த திட்டுகளாகக் கிடக்கும். தோண்டுபவர் திட்டு போகிற போக்கில்தான் போவார். அது ஒருவர் வயலைத் தாண்டி அடுத்தவர் வீட்டுக்குக் கீழேயும் போகலாம்.

டால்க்தான் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 1, எல்லாவற்றிலும் மென்மையானது. அதன் அணு அடுக்குகள் ஒன்றோடொன்று மிக லேசாகவே ஒட்டியிருக்கின்றன. எண்ணெய் தடவிய சோழவந்தான் வெற்றிலைக் கவுளியைச் சாய்த்துப் பிடித்தால் என்ன ஆகும்? இலைகள் வழுக்கி இறங்கிவிடும். கன்னத்தில் பவுடர் வழவழப்பாக இருப்பதற்கும், மலைச்சரிவின் அடிவாரத்தை வெட்டி எடுத்தால் மேலே இருக்கிற மண் இறங்குவதற்கும் இந்த ஒரே குணம்தான் காரணம். மழைத் தண்ணீர் உள்ளே போனால் இன்னும் மோசம். கடைசியில் பாகேஷ்வர் மாவட்டத்தின் காண்டா பகுதி ஊர்களில் வீட்டுச் சுவர்களும் வயல்களும் விரிசல் விட்டன. 2025 ஜனவரியில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்த மாவட்டத்தின் மாக்கல் சுரங்க வேலை முழுவதையும் நிறுத்தி வைத்தது.

என்னை உறுத்துவது என்னவென்றால், அங்கே தோண்டப்பட்டதில் பெரும்பகுதி மக்களின் சொந்த நிலம். சம்மதம் கேட்டுத்தான் குத்தகை. தன் வீட்டுக்குக் கீழே அந்தத் திட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்து கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அதே 2025 ஜனவரியில் எங்கள் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி வட்டாரத்தில் 2,015 ஹெக்டேர், கிட்டத்தட்ட ஐயாயிரம் ஏக்கர், டங்ஸ்டன் ஏலத்தில் போனதாக 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அந்தப் பரப்புக்குள் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடமும் இருந்தது. ஜனம் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணியாக நடந்தது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அந்தப் போராட்டத்தை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் அந்த நாட்களில் மந்தையிலும் டீக்கடையிலும் கேட்ட கேள்விகளை மறக்க முடியவில்லை. டங்ஸ்டன் எந்தப் பாறையில் இருக்கும்? எத்தனை அடியில்? மேலிருந்து வெட்டுவார்களா, சுரங்கம் குடைவார்களா? கிணறு வற்றுமா? யாரிடமும் பதில் இல்லை. கைப்பேசியில் வந்த வதந்தியும் உண்மையும் கலந்து ஓடின.

எங்கள் பாறை மாக்கல்லுக்கு நேர் எதிர். நைஸ் என்ற கடினமான வரிப்பாறை, கருங்கல். தானாகச் சரியாது. ஆனால் அதற்குள் தண்ணீர் தங்க இடமே கிடையாது. மேலே சிதைந்த மண்பகுதியிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டும்தான் நீர். ஆழமாக ஒரு குழி வெட்டி அந்த வெடிப்புகளை அறுத்துவிட்டால், சுற்றுவட்டக் கிணற்று நீர் குழியை நோக்கி இறங்கிவிடும். வரத்துக்கால் மறிக்கப்பட்டால் கண்மாயும் போச்சு. இதை ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து அரை மணி நேரத்தில் விளக்கலாம். கழிவுக்கல் எங்கே கொட்டப்படும், வேலை முடிந்தபின் குழியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் கூடவே சொல்லலாம். ஊருக்கு வரும் நன்மை இருந்தால் அதையும் சொல்லுங்கள். கனிமமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

விவரத்தை முன்கூட்டிச் சொன்னால் நிலத் தரகர்கள் புகுந்துவிடுவார்கள் என்று சிலர் தயங்கலாம். ஏலம் கேட்கும் நிறுவனங்கள் பாறை விவரத்தை ஆங்கிலத்தில் வாங்கிப் படித்துவிட்டுத்தானே விலை சொல்கின்றன. படிக்காமல் விடப்படுவது அங்கே குடியிருப்பவர் மட்டும்தான். சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்பில் பேசலாமே என்றால், அது ஏலம் முடிந்தபிறகு வருவது. 2025 செப்டம்பரில் டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களுக்கு அந்தக் கருத்துக்கேட்பிலிருந்தும் மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது.

அப்புறம், உங்களுக்கும் இதில் லாபம் இருக்கிறது. எத்தனை அடியில் பாறை தட்டியது, எந்தத் திசையிலிருந்து ஊற்று வந்தது என்று கிணறு வெட்டியவர்கள் இங்கே மனப்பாடமாகச் சொல்வார்கள். எந்தச் சுனை எந்த மாதம் வற்றும் என்று ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும்.

வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. மார்ச் 22 தண்ணீர் தினச் சபையில் மேலூர் வட்டத்து ஊர் ஒன்றில் தொடங்குங்கள். எந்த ஊர் என்று நீங்களே முடிவு செய்யலாம். கிணறு வெட்டிய பெரியவர்களையும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் முன்வரிசையில் உட்கார வைப்பது என் பொறுப்பு.

நன்றியுடன்,
மேலூர் வட்டத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர்